அம்மாவின் ஃபைலில் ‘பென்சிலின் அலர்ஜி’ என்று இருக்கிறது. அதை மாற்ற முடியுமா?

வைகைக்கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 64 வயசு, சுகர் இருக்கு. மதுரையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில அடுத்த மாசம் வலது முட்டி மாத்துற ஆபரேஷன். அனஸ்தீசியா செக்கப்புக்குப் போயிருந்தோம். கம்ப்யூட்டர்ல அம்மா பேரைத் தட்டினதுமே மேல சிவப்புப் பட்டையில ‘அலர்ஜி: பென்சிலின்’னு வந்துச்சு. டாக்டர் அதைப் பாத்துட்டு, “வழக்கமா போடுற ஆன்டிபயாடிக் இவங்களுக்கு வேணாம், வான்கோமைசின் போட்டுக்கலாம்”னு எழுதிட்டாரு.

இது எங்கருந்து வந்துச்சுன்னு அம்மாகிட்ட கேட்டேன். நான் பொறக்குறதுக்கு முன்னாடி பல் புடுங்கினப்ப ஏதோ மாத்திரை குடுத்தாங்களாம். சாப்பிட்டதும் குமட்டல், அப்புறம் பேதி. “உனக்கு பென்சிலின் ஒத்துக்காதும்மா”னு அங்க இருந்த கம்பவுண்டர் சொன்னாராம். தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் எதுவும் வரலைன்னு அம்மா உறுதியா சொல்றாங்க. பித்தப்பை ஆபரேஷனுக்குச் சேர்த்தப்ப நர்ஸ் “எதுக்காச்சும் அலர்ஜி உண்டா?”ன்னு கேட்டிருக்காங்க, அம்மா இதைச் சொல்லியிருக்காங்க. அப்பவே கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு போல. இப்ப டிஸ்சார்ஜ் சம்மரி, கண் ஆஸ்பத்திரி சீட்டு எல்லாத்துலயும் அதே வரி.

இதை எடுக்கச் சொல்லி கேக்கலாமா? கேட்டா டாக்டர் கோவிப்பாரா? ரிசப்ஷன்ல ஆபா நம்பரையும் (அரசாங்கத்தோட டிஜிட்டல் ஹெல்த் ஐடி) சேர்க்கச் சொல்றாங்க. சேர்த்தா இந்த அலர்ஜி ஊரெல்லாம் கூடவே வருமா? விவரம் தெரிஞ்ச அக்கா, அண்ணன் யாராவது சொல்லுங்க.

கொங்கு மருந்தாளர்:

வணக்கம்ங்க. நான் கோவையில ஒரு ஆஸ்பத்திரியில கிளினிக்கல் பார்மசிஸ்ட். வார்டுல எழுதுற மருந்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல சரிபாக்கறதும், அலர்ஜி பதிவுகளைத் தோண்டி எடுத்துத் திருத்தறதும் என் வேலையில பெரும்பங்கு. உங்க கேள்வியைப் பாத்துட்டு சும்மா போக மனசு வரலை. நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல அம்மா விஷயம். குமட்டலும் பேதியும் மருந்தோட பக்கவிளைவு. அமாக்சிசிலின்ங்கற பென்சிலின் வகை மருந்து, அதுவும் கிளாவுலானிக் ஆசிட் சேர்ந்ததுன்னா, நெறையப் பேருக்கு வயித்தைக் கலக்கும். அலர்ஜி வேற. உடம்போட எதிர்ப்புச் சக்தி அந்த மருந்து மேல பாயறது அது. காணாக்கடி மாதிரி தடிப்பு வரும், உதடும் கண் இமையும் வீங்கும், மூச்சு இழுக்கும், பிரஷர் இறங்கி மயக்கம் வரும். நீங்க எழுதினதுல இதுல ஒண்ணுகூட இல்லை. ஒரு பேச்சுக்கு அது நெசமான உடனடி அலர்ஜியாவே இருந்திருந்தாலும், அப்படிப்பட்டவங்கள்ல சுமார் 80 சதவீதம் பேருக்கு 10 வருஷத்துல அது மறைஞ்சு போயிடும். அமெரிக்காவுல ஏறக்குறைய 10 சதவீதம் பேரோட பதிவுல பென்சிலின் அலர்ஜின்னு இருக்கு. முறையா சோதிச்சா அவங்கள்ல 90 சதவீதத்துக்கும் மேல உள்ளவங்க பென்சிலினை ஒரு தொந்தரவும் இல்லாம எடுத்துக்கறாங்க.

டாக்டரைக் குறை சொல்ல மாட்டேங்க. அவருக்குத் தெரியறது அந்தச் சிவப்புப் பட்டை மட்டும்தான். பல் புடுங்கினது, பேதி, கம்பவுண்டர் சொன்னது எதுவும் அதுல இல்லை. ஒரு மனுஷியோட அனுபவத்தை ரெண்டு வார்த்தையா சுருக்கி வெச்சுட்டு, அதை நம்பி ஆபரேஷன் மருந்தையே மாத்தறோம். என் வேலையில தினமும் மனசுக்குக் கஷ்டமா இருக்கறது இதுதான்.

இதனால என்ன கெட்டுப்போச்சுன்னா, முட்டி மாத்தற ஆபரேஷனுக்கு முன்னால போட வேண்டிய முதல் தேர்வு செஃபசோலின். கத்தி வைக்கறதுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள நரம்புல போட்டா போதும். வான்கோமைசினை அப்படி சட்டுனு போட முடியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல மெதுவா ஏத்தணும், அதனால நேரம் தவற வாய்ப்பு ஜாஸ்தி. தோல்ல இருக்கற சாதாரண ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி மேல செஃபசோலின் அளவுக்கு அது வேலை செய்யாது. சுகர்காரங்களுக்கு கிட்னியையும் கவனிக்கணும். பாஸ்டன்ல மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியோட மின்பதிவுகளை வெச்சு 2018-ல ஒரு ஆய்வு வந்துச்சு. இடுப்பு, முட்டி, குடல், கர்ப்பப்பை, பைபாஸ்னு ஆபரேஷன் செஞ்ச 8,385 பேரைப் பாத்தாங்க. பென்சிலின் அலர்ஜின்னு பதிவு இருந்தவங்களுக்குக் காயத்துல சீழ் பிடிக்கற வாய்ப்பு சுமார் 50 சதவீதம் கூடுதல். அவங்களுக்கு செஃபசோலின் போடாம வேற மருந்து போட்டதுதான் அந்த வித்தியாசத்துக்குக் காரணம்னு அதுல தெரிஞ்சது.

இன்னொண்ணும் டாக்டர்கிட்ட தைரியமா கேக்கலாம். செஃபசோலினோட பக்கச்சங்கிலி (மூலக்கூறுல ஒட்டியிருக்கற ஒரு பகுதி, ரெண்டு மருந்துக்கும் அது ஒத்துப்போனாத்தான் அலர்ஜி தாவற பயம் அதிகம்) எந்தப் பென்சிலினோடவும் ஒத்துப்போகாது. அதனால நெசமாவே பென்சிலின் அலர்ஜி இருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கும் செஃபசோலின் போடலாம்னு 2022-ல வந்த அமெரிக்க அலர்ஜி நிபுணர்களோட வழிகாட்டுதல் சொல்லுது. விலக்கு இருக்கு: தோல் உரிஞ்சு வாயெல்லாம் புண்ணாகற ஸ்டீவன்ஸ்–ஜான்சன் மாதிரி கொடிய எதிர்வினை வந்தவங்க இந்தக் கணக்குல வர மாட்டாங்க. உங்கம்மா அதுல இல்லை.

செய்ய வேண்டியது இது. ஒரு வெள்ளைத்தாள்ல எழுதுங்க: என்ன மருந்து (தெரியலைன்னா ‘தெரியாது’ன்னே எழுதுங்க), எத்தனை வருஷம் முன்னால, என்ன ஆச்சு, சாப்பிட்டு எவ்வளவு நேரத்துல, ஊசியோ மருந்தோ போட வேண்டி வந்துச்சா, அதுக்கப்புறம் அமாக்சிசிலினோ, அதுக்கு உறவான செஃபிக்சிமோ தெரிஞ்சோ தெரியாமலோ சாப்பிட்டு ஒண்ணும் ஆகாம இருந்துச்சா. பழைய சீட்டு, மெடிக்கல் கடை பில் எல்லாம் தேடுங்க. கடைசிக் கேள்விக்கு அதுலதான் பதில் இருக்கும். நான் பாத்த வரைக்கும், ‘பென்சிலின் அலர்ஜி’ன்னு பதிஞ்சவங்க வீட்டு டப்பாவுல மோக்ஸிகைண்ட் (அதுவும் அமாக்சிசிலின்தான்) அட்டை காலியா கிடக்கறது அபூர்வம் இல்லைங்க. அந்தத் தாளை அனஸ்தீசியா டாக்டர்கிட்ட இப்பவே கொண்டு போய்க் குடுங்க, ஆபரேஷன் அன்னிக்குக் காலையில வேண்டாம். நல்ல டாக்டர் கோவிக்க மாட்டார்.

வீட்டுல மாத்திரையைச் சாப்பிட்டுப் பாக்கறேன்னு மட்டும் கிளம்பாதீங்க. அது ஆஸ்பத்திரியில, அவசரத்துக்குப் போடற அட்ரினலின் ஊசியைக் கையில வெச்சுட்டு செய்யற காரியம்.

வைகைக்கரை:

அக்கா, ரொம்ப நன்றி. படிச்சதும் பாதி பயம் போயிருச்சு. ஆனா அம்மா இப்ப இன்னொண்ணு சொல்றாங்க. பித்தப்பை ஆபரேஷனப்ப கையில டெஸ்ட் டோஸ் போட்டாங்களாம், அந்த இடம் சிவந்து அரிச்சுச்சாம். “பாத்தியா, அலர்ஜிதான்”னு நர்ஸ் சொன்னாங்களாம். இதையும் எழுதணுமா?

கொங்கு மருந்தாளர்:

கண்டிப்பா எழுதுங்க. நல்ல வேளை கேட்டீங்க, நம்ம ஊர்ல தப்பான அலர்ஜிப் பதிவு உருவாகற பெரிய வழி இதுதான்.

நம்ம ஆஸ்பத்திரிகள்ல ஆன்டிபயாடிக் ஊசி போடறதுக்கு முன்னால அதே மருந்தைக் கொஞ்சம் தோலுக்குள்ள குத்திப் பாக்கற வழக்கம் ரொம்ப காலமா இருக்கு. எவ்வளவு நீர்த்த மருந்து, எவ்வளவு நேரம் கழிச்சுப் பாக்கறது, எத்தனை மில்லிமீட்டர் தடிச்சா அலர்ஜின்னு ஒரு கணக்கும் பெரும்பாலும் இருக்காது. திக்கான மருந்தை யார் தோல்ல குத்தினாலும் சிவக்கும். பக்கத்துல வெறும் சலைனைக் குத்தி ஒப்பிட்டும் பாக்கறதில்லை. முறையான பென்சிலின் தோல் சோதனைக்குன்னு தனிக் கரைசல்கள் உண்டு, அது நம்ம ஊர்ல லேசுல கிடைக்காது. அதனால அந்தச் சிவப்பை ஆதாரமா எடுத்துக்க முடியாது. ஆனா கேஸ் ஷீட்ல ‘டி.டி. (டெஸ்ட் டோஸ்) பாசிட்டிவ்’னு எழுதிடுவாங்க, பதிவேட்டுப் பிரிவான எம்.ஆர்.டி.யில இருந்து அது கம்ப்யூட்டருக்குப் போகும். அங்க போனதும் அலர்ஜி நிபுணர் சோதிச்சுச் சொன்ன முடிவுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. ரெண்டுக்கும் அதே சிவப்புப் பட்டைதான்.

கம்ப்யூட்டர்ல அலர்ஜிக்குன்னு ஒழுங்கான கட்டங்கள் இருக்குங்க. மருத்துவப் பதிவுகளைப் பரிமாற உலகம் முழுக்கப் பயன்படுத்தற ஃபயர் (FHIR) தரத்துல, நம்ம ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டமும் அதைத்தான் எடுத்திருக்கு, அலர்ஜிப் பதிவுல என்ன பொருள், அலர்ஜியா ஒவ்வாத பக்கவிளைவா, என்ன அறிகுறி, எவ்வளவு தீவிரம், எப்ப வந்துச்சு, எல்லாத்துக்கும் இடம் உண்டு. முக்கியமா ‘உறுதி நிலை’ன்னு ஒரு கட்டம்: உறுதியாகலை, உறுதியாச்சு, பொய்யின்னு நிரூபிச்சாச்சு, தப்பா பதிஞ்சது. இத்தனையும் இருந்தும் கூட்டத்துல ஒரு நர்ஸுக்கு அட்மிஷன்ல கிடைக்கறது ரெண்டு நிமிஷம். காலியா இருக்கற எழுத்துப்பெட்டியில ‘பென்சிலின்’னு தட்டிட்டு அடுத்த நோயாளிக்குப் போக வேண்டியதுதான். அவங்களைத் திட்டி என்ன ஆகும்? அறிகுறி எழுதாம சேமிக்க விடாதபடி அந்தத் திரையை அமைக்கணும். எங்க ஆஸ்பத்திரியில அப்படி மாத்தச் சொல்லி நான் விடாம கேட்டுட்டு இருக்கேன்.

இன்னொரு ஆபத்து பிராண்டு பேர். ‘ஆக்மென்டின் அலர்ஜி’ன்னு சும்மா எழுத்தா தட்டி வெச்சா, நாளைக்கு கிளாவம் எழுதும்போது கம்ப்யூட்டர் வாயே திறக்காது. உள்ள ரெண்டும் ஒரே மருந்துன்னு அதுக்குத் தெரியாது. இல்லாத அலர்ஜிக்குக் கத்தும், இருக்கற அலர்ஜிக்குச் சும்மா இருக்கும். மருந்தோட மூலப்பேரைப் பட்டியல்ல இருந்து தேர்ந்தெடுத்தா மட்டும்தான் பொருத்திப் பாக்க முடியும்.

தேம்ஸ்கரைத் தாதி:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில ஒரு ஜீபி சேர்ஜரியில (குடும்ப டொக்டரின்ர கிளினிக்) நேர்ஸா வேலை செய்யிறன். இஞ்ச ஜீபி பதிவில இருக்கிற அலர்ஜி, ஆக்கள் குடிக்கிற மருந்து ரெண்டும் சுருக்கப் பதிவாய்ப் போய் ஆஸ்பத்திரி, அம்புலன்ஸ் ஆக்களுக்கும் தெரியும். நல்ல விசயம்தான், மயங்கிக் கிடக்கிற ஆளிட்டக் கேட்க ஏலாது. ஆனா பிழையான பதிவும் அதே வேகத்தில போகும்.

இங்கிலாந்தில இருக்கிற பெரிய ஆக்களில கிட்டத்தட்ட 6 வீதம் பேரின்ர ஜீபி பதிவில பென்சிலின் அலர்ஜி எண்டு கிடக்கு. சின்ன வயசில காய்ச்சலோட அமொக்சிசிலின் குடுத்து, உடம்பில பருபருவாய்ப் போட்டது எண்டு தாய்மார் சொல்லுவினம். அது கனதரம் வைரஸ் காய்ச்சலால வந்த பரு. பிள்ளை வளர்ந்து, பிள்ளை பெறுகிற வயசுக்கு வந்தும் அந்த வரி அப்படியே நிக்கும்.

தங்கச்சி, ஒரு விசயம் மறக்காதேங்கோ. அலர்ஜி இல்லையெண்டு ஆஸ்பத்திரியில கண்டுபிடிச்சாலும் அந்தக் கடிதம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேராது. நீங்கள்தான் கொண்டு திரியவேணும். அம்மாவுக்கும் நல்லா விளங்கப்படுத்துங்கோ. இல்லாட்டில் அடுத்தமுறை நேர்ஸ் கேட்கேக்க, பழக்கத்தில “பென்சிலின் ஒத்துக்கொள்ளாது” எண்டு அவவே திரும்பச் சொல்லிப்போடுவா.

தரவுத்தோட்டம்:

தேம்ஸ்கரை அக்கா சொல்வதற்கு ஆய்வு ஆதாரமே உண்டு. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் தோல் சோதனை செய்து பென்சிலின் அலர்ஜி இல்லை என்று நீக்கப்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். அங்கேயே மறுபடி சிகிச்சைக்கு வந்த 55 பேரில் 20 பேரின் பதிவில் ‘பென்சிலின் அலர்ஜி’ திரும்ப ஏறியிருந்தது. 2013-இல் வெளியானது. அதனால்தான் பதிவை அடியோடு அழிப்பதைவிட, ‘சோதித்தோம், இல்லை’ என்று தேதியோடு விட்டுவைப்பது நல்லது. வெற்றிடமாக விட்டால் யாராவது நிரப்பிவிடுவார்கள்.

நான் அமெரிக்காவில் மருத்துவத் தரவு ஆய்வில் வேலை செய்கிறேன். மின்பதிவுகளை வைத்து அலர்ஜியை ஆராய்வதில் எனக்கு மிகுந்த நம்பிக்கை உண்டு, அதனால் இரண்டு பக்கத்தையும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பாஸ்டனில் பல மருத்துவமனைகள் சேர்ந்த ஒரு குழுமத்தின் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்த 2016 ஆய்வில், 35.5 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மருந்து அலர்ஜி பதிவாகியிருந்தது. பென்சிலின் 12.8, சல்ஃபா ஆன்டிபயாடிக் 7.4 சதவீதம். மூன்றில் ஒருவருக்கு மேல் அலர்ஜிக்காரர்கள் என்று இதைப் படித்தால் தவறு. இது மக்கள் சொன்னதையும் மருத்துவர்கள் பதிந்ததையும் எண்ணிய கணக்கு. அபின் வகை வலி மருந்துகள் 6.8 சதவீதம் என்று அதிலேயே இருக்கிறது. அந்த மருந்துகளால் வரும் வாந்தி, மலச்சிக்கல், அரிப்பு எல்லாம் அலர்ஜிக் கட்டத்தில் போய் விழுந்துவிடுவது இங்கே அன்றாடம் காண்பது.

ஆனால் அதே குறையுள்ள பதிவுகள்தான் அந்தக் குறையால் வரும் கேட்டையும் காட்டிக்கொடுத்தன. பிரிட்டன் ஜீபி பதிவுகளில் பென்சிலின் அலர்ஜி என்றிருந்த 64,141 பேரை, அப்படி இல்லாத 2,37,258 பேரோடு ஒப்பிட்டு 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமித்தொற்று ஆபத்து முதல் குழுவுக்கு 69 சதவீதம் அதிகம். ஆன்டிபயாடிக்கால் குடலைப் பிடிக்கும் சி. டிஃபிசில் தொற்று 26 சதவீதம் அதிகம். எம்.ஆர்.எஸ்.ஏ. கூடுதலில் பாதிக்கு மேல், பென்சிலினுக்குப் பதிலாகக் கொடுத்த மாற்று மருந்துகளால் விளைந்தது. இப்படி ஒரு கேள்விக்கு நோயாளிகளைப் புதிதாகச் சேர்த்துப் பல ஆண்டுகள் காத்திருந்து விடை காண முடியாது. பதிவுகள் இருந்ததால் முடிந்தது.

திரையில் வரும் எச்சரிக்கைகள் பற்றியும் ஒன்று. பாஸ்டனிலேயே மருந்து அலர்ஜி எச்சரிக்கைகளை மருத்துவர்கள் ஒதுக்கித் தள்ளிய விகிதம் 2004-இல் 83.3 சதவீதம், 2013-இல் 87.6. பொய்யாக அடிக்கடி ஒலிக்கும் மணிக்கு யாரும் எழுந்து ஓடமாட்டார்கள், உண்மையில் தீப்பிடித்த நாளிலும். தெற்குக் கலிபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே நிறுவனம், பென்சிலின் அலர்ஜிப் பதிவு உள்ளவருக்குச் செஃபலோஸ்போரின் (செஃபசோலின் சேர்ந்த மருந்துக் குடும்பம்) எழுதினால் வரும் எச்சரிக்கையையே எடுத்துவிட்டது. அதே நிறுவனத்தின் வடக்குக் கலிபோர்னியா மருத்துவமனைகளில் எடுக்கவில்லை. 2021-இல் வெளியான ஒப்பீட்டில், எச்சரிக்கையை எடுத்த இடத்தில் செஃபலோஸ்போரின் பயன்பாடு நன்றாகக் கூடியது, அனாபிலாக்சிஸ் என்னும் உயிருக்கு ஆபத்தான கடும் அலர்ஜி கூடவில்லை. வைகைக்கரை, உங்கள் அம்மாவின் கேள்விக்கு இது நேரடியாகவே பொருந்தும்.

முத்துநகர் அம்மா:

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு இறால் சாப்பிட்டால் அரை மணி நேரத்துக்குள் உதடு வீங்கி, உடம்பெல்லாம் காணாக்கடி வரும், ஒருமுறை மூச்சும் இழுத்தது. இது சந்தேகமில்லாத அலர்ஜி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன மாதம் வயிற்று சிடி ஸ்கேன் எடுக்கப் போனபோது, ஃபைலில் ‘கடல் உணவு அலர்ஜி’ என்று பார்த்துவிட்டு, “அயோடின் அலர்ஜி இருக்கும், கான்ட்ராஸ்ட் ஊசி போட மாட்டோம்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் படம் தெளிவாகத் தெரியப் போடும் அந்த ஊசியில் அயோடின் இருக்கிறதாம். அயோடின் என்று நாங்கள் சொல்லவே இல்லை. இப்போது ஃபைலில் அதுவும் சேர்ந்துவிட்டது. உப்பிலேயே அயோடின் இருக்கிறதே, அதைத் தினமும் சாப்பிடுகிறான். என்ன செய்வது?

கொங்கு மருந்தாளர்:

முத்துநகர் அம்மா, உப்பைப் பத்தி நீங்க கேட்டதுலயே பதில் இருக்குங்க. இறால், நண்டு அலர்ஜிக்கு முக்கியக் காரணம் அதோட சதையில இருக்கற ட்ரோபோமயோசின்ங்கற புரதம். அயோடினுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. அயோடின் உடம்புக்கு வேணுங்கற சத்து. கான்ட்ராஸ்ட் ஊசிக்குச் சில பேருக்கு எதிர்வினை வரலாம், அது அந்த ஊசி மருந்தாலயே வர்றது. இறால் அலர்ஜி இருக்கறதுக்காக மட்டும் ஊசியை நிறுத்த வேண்டியதில்லைன்னு அலர்ஜி, ரேடியாலஜி ரெண்டு துறை வழிகாட்டுதலும் சொல்லுது. இந்தத் தப்பான நம்பிக்கை பல வருஷமா உலகம் பூரா ஓடிட்டு இருக்கு.

உங்க மகன் டாக்டர்கிட்ட ஒரு கடிதம் வாங்குங்க. அதுல ‘இறால்: உணவு அலர்ஜி, உறுதியானது, உதடு வீக்கம், காணாக்கடி, மூச்சு இழுப்பு, சாப்பிட்டு அரை மணிக்குள்’னு ஒரு வரியும், ‘அயோடின், கான்ட்ராஸ்ட்: எதிர்வினை எதுவும் இல்லை, பதிவு தவறு’ன்னு ஒரு வரியும் இருக்கட்டும். அவனோட இறால் பதிவு உயிர் காக்கற பதிவு, அதை யாரும் லேசா எடுத்துடக் கூடாது. நான் பொய்ப் பதிவுகளை நீக்கணும்னு இவ்வளவு பேசறதே உங்க மகன் மாதிரிப் பிள்ளைகளோட பதிவுக்கு மரியாதை இருக்கணும்னுதான்.

வைகைக்கரை, உங்க ஆபா கேள்விக்கு வர்றேன். ஆபாங்கறது 14 இலக்க எண். அந்த எண்ணுக்குள்ள உங்க ஃபைல் போய் உக்காந்துக்காது. பதிவு அந்தந்த ஆஸ்பத்திரியிலயே இருக்கும், எண் அதையெல்லாம் இணைக்கும். வேற ஆஸ்பத்திரி பாக்கணும்னா உங்க போனுக்கு அனுமதி கேட்டு வரும், எதை, எத்தனை நாளைக்குன்னு நீங்க சொல்லலாம், குடுத்த அனுமதியை எப்ப வேணா ரத்தும் பண்ணிக்கலாம். இணைக்கறது நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன். ஆனா உங்க இடத்துல இருந்தா முதல்ல அலர்ஜி வரியைச் சரி பண்ணிட்டு அப்புறம் இணைப்பேன்.

அப்புறம் அம்மாவுக்குச் சோதனை செய்யற விஷயம். ஆஸ்திரேலியாவுல உருவான பென்–ஃபாஸ்ட்ங்கற மதிப்பெண் முறை 2020-ல வந்துச்சு. எதிர்வினை வந்து 5 வருஷத்துக்குள்ளன்னா 2, அனாபிலாக்சிஸ், முகவீக்கம் அல்லது கொடிய தோல் எதிர்வினைன்னா 2, அதுக்கு சிகிச்சை தேவைப்பட்டிருந்தா 1. கூட்டினா 3-க்குக் கீழ வந்தா ஆபத்து குறைவு. உங்கம்மாவுக்கு நீங்க சொன்னதை வெச்சுப் பாத்தா பூஜ்யம். இப்படி 3-க்குக் கீழ இருந்த 382 பேரை வெச்சு 2023-ல ஒரு ஆய்வு. பாதிப் பேருக்குத் தோல் சோதனை செய்யாம நேரா பென்சிலின் மாத்திரை குடுத்துப் பாத்தாங்க, பாதிப் பேருக்குத் தோல் சோதனை செஞ்சுட்டுக் குடுத்தாங்க. ரெண்டு பக்கமும் அலர்ஜி வந்தது தலா ஒருத்தருக்குத்தான். தோல் சோதனைக் கரைசல் கிடைக்காத நம்ம ஊருக்கு இது எவ்வளவு பெரிய சேதி பாருங்க. ஆனா பூஜ்யமா இல்லையான்னு முடிவு பண்ண வேண்டியது உங்கம்மாவை நேர்ல பாக்கற டாக்டர்.

தரவுத்தோட்டம் சொன்ன ஆய்வுகள் நம்ம ஊர்ல வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை. டெஸ்ட் டோஸால எத்தனை பொய்ப் பதிவு வருதுன்னு பாஸ்டன் பதிவுகளை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது. ருமாட்டிக் இதயநோய் இருக்கற பிள்ளைகளுக்கு 3 வாரத்துக்கு ஒருக்கா பென்சிலின் ஊசி போடணும், அலர்ஜி பயத்தால போட மறுக்கற கிளினிக்குகள் நெறைய. கர்ப்பிணிக்கு சிஃபிலிஸ் இருந்தா பென்சிலினுக்கு மாத்தே கிடையாது. இந்த ரெண்டு இடத்துலயும் நம்ம பதிவுகளை ஒழுங்கா வெச்சிருந்தா எத்தனையோ உயிருக்கு உதவும்.

அதுவரைக்கும் ஒண்ணு செய்யலாம். நெசமாவே மருந்து எதிர்வினை வந்தா இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிங்க. 2010-ல இருந்து நடக்குது, இலவச எண் 1800-180-3024. டாக்டர்தான் சொல்லணும்னு இல்லை, நோயாளியே சொல்லலாம். அங்க இருந்து தகவல் ஸ்வீடன்ல உப்சாலாவுல இருக்கற உலகத் தரவுத்தளத்துக்குப் போகும்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி சொல்ல வந்தேன். தாளை எழுதிக் கொண்டு போய்க் குடுத்தேன். டாக்டர் நின்னு முழுசும் படிச்சாரு, கோவிக்கவே இல்ல. அம்மாகிட்ட அவரே திரும்ப ஒருவாட்டி எல்லாத்தையும் கேட்டாரு. பொது மருத்துவர்கிட்ட அனுப்பி, வார்டுல படுக்க வச்சு, ஊசியெல்லாம் பக்கத்துல எடுத்து வச்சுட்டு அமாக்சிசிலின் குடுத்துப் பாத்தாங்க. ஒண்ணும் ஆகல. சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டோம். மறுநாளும் போன் பண்ணி தடிப்பு வந்துச்சான்னு கேட்டாங்க. ஆபரேஷனுக்கு செஃபசோலின்தான்னு எழுதிட்டாரு.

ஆனா கம்ப்யூட்டர்ல ஒரு சிக்கல். ‘சோதிச்சாச்சு, இல்லை’ன்னு போடுற இடமே அவங்க சாஃப்ட்வேர்ல இல்லையாம். அழிக்கலாம், இல்ல அப்படியே விடலாம், ரெண்டுதான் இருக்காம். இப்போதைக்குக் கீழ குறிப்பு மாதிரி தட்டி வச்சிருக்காங்க, சிவப்புப் பட்டை இன்னும் வருது. என்ன பண்ணலாம்க்கா?

கொங்கு மருந்தாளர்:

ரொம்ப சந்தோஷம்ங்க, அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க.

அந்த ரெண்டுல ஒண்ணைத்தான் எடுக்கணும்னா, பட்டையை எடுக்கச் சொல்லுங்க. குறிப்பை மட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியில முதல் பக்கத்துல தேதியோட ஏத்தச் சொல்லுங்க: ‘பென்சிலின் அலர்ஜின்னு முன்பு பதிவு. அமாக்சிசிலின் வாய்வழிச் சோதனை, எதிர்வினை இல்லை. பென்சிலின், செஃபலோஸ்போரின் தரலாம்.’ டாக்டர் கையெழுத்தோட தனிக் கடிதமும் வாங்குங்க. ஒரு நகல் கண் ஆஸ்பத்திரிக்கு, ஒண்ணு குடும்ப டாக்டருக்கு, ஒண்ணு போன்ல போட்டோவா. சாஃப்ட்வேர்ல அந்தக் கட்டம் வேணும்னு ஆஸ்பத்திரி குவாலிட்டி பிரிவுக்கு ஒரு கடிதமும் எழுதுங்க, நோயாளி வீட்டுல இருந்து வந்தா அதைக் கவனிப்பாங்க.

ஆபரேஷன் அன்னிக்கு அலர்ஜிக்கான சிவப்பு பேண்டை யாராவது அம்மா கையில கட்ட வந்தா, கட்டறதுக்கு முன்னாடி அந்தக் கடிதத்தைக் காட்டுங்க.